கபூர் மரமும் சூடன் கட்டியும்

கோலாலம்பூரின் வடமேற்கு ஓரத்தில் கெப்போங் என்றொரு பகுதி. அங்கே நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் ஆங்காங்கே காய்கறித் தோட்டங்களும்தான் இருந்தன. வனத்துறை ஆய்வாளர் ஃபாக்ஸ்வொர்த்தி 1926இல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1929இல் ஆராய்ச்சி நிலையத்தின் கட்டடங்கள் எழுந்தன. மண் வளமிழந்த அந்தப் பரப்பில் வரிசை வரிசையாக நட்ட மரங்களில் ஒன்று கபூர். இன்று அந்தக் கபூர்த் தோப்பு உலகப் புகழ் பெற்றது. மரங்களின் முடிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெறும் சுரங்கக் குழியிலிருந்து மனிதர் கையால் மீண்ட இந்தக் காட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

படம் எடுப்பவர்களில் எத்தனை பேர் அந்த மரத்தின் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். முகர்ந்தால் பூசையறை வாசனை வரும். கபூர் என்று மலாய்க்காரர் சொல்வது கற்பூரத்தைத்தான். தமிழ் வீடுகளில் பச்சைக் கற்பூரம் என்று மதிக்கப்பட்ட சரக்கு, பெருமாள் கோயில் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் துளியளவு கரைந்த சரக்கு, ஒரு காலத்தில் இந்த இன மரத்தின் வயிற்றிலிருந்து வந்தது. சிலாங்கூரிலேயே, ரவாங்குக்குத் தெற்கே கஞ்சிங் வனத்தில், கபூர் மரங்கள் கூட்டமாக நிற்கின்றன.

மரம் அறுபது மீட்டர் உயரம் வளரும். ஆனால் எல்லா மரத்திலும் கற்பூரம் இருக்காது. வயதான சில மரங்களின் தண்டுக்குள், வெடிப்புகளில், வெள்ளைப் படிகமாகப் படிந்திருக்கும். மரத்தை வெட்டிப் பிளந்தால்தான் தெரியும். பத்து மரம் சாய்த்தும் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். இத்தனை நிச்சயமின்மை உள்ள தொழிலில் விலக்குகளும் விரதங்களும் சேராமல் இருக்குமா? ஜொகூர் காடுகளில் கற்பூரம் தேடிய ஜக்குன் பழங்குடியினர் காட்டுக்குள் போனதும் அன்றாட மொழியை விட்டுவிட்டு, தேடலுக்கென்றே வைத்திருந்த தனிச் சொற்களில் பேசினார்கள். 1894இல் லேக், கெல்சால் என்ற இரு ஆங்கிலேயர் அந்தச் சொற்களைத் திரட்டி அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார்கள். இன்னொரு விலக்கும் உண்டு: கற்பூரம் தேடும் நாட்களில் உப்பைப் பொடியாக்கித் தின்னக் கூடாது, கல்லுப்பாகவே தின்ன வேண்டும். உப்பு பொடியானால் கிடைக்கும் கற்பூரமும் பொடியாகப் போய்விடும் என்ற கணக்கு.

இந்தப் படிகத்தைத் தேடித் தமிழ் வணிகர் கடல் கடந்தது ரப்பர்த் தோட்டக் காலத்துக்கு எண்ணூறு ஆண்டுகள் முன்பே. மலாக்கா நீரிணையைத் தாண்டி, சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம். அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. எழுத்தும் தமிழ், மொழியும் தமிழ். சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. சோழநாட்டில் முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே கூடி எடுத்த முடிவு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது: கப்பலோடு வருபவர்கள் கஸ்தூரியின் விலையை வைத்துக் கணக்கிட்ட பொன்னைச் செலுத்திய பிறகே சரக்கு மேலே ஏற வேண்டும். நீலகண்ட சாஸ்திரி 1932இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பிறகு பிரெஞ்சு, இந்தோனேசிய அகழாய்வாளர்கள் அங்கே தோண்டியபோது ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டின் இறுதிவரை மக்கள் வாழ்ந்த தடயங்கள் வெளிவந்தன.

பாருஸுக்கும் தமிழுக்குமான தொடர்பு கல்லோடு நின்றுவிடவில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கும்போது வாறோசு என்று ஒன்றைச் சொல்கிறார். அது பாருஸ்தான். அதே பட்டியலில் சீனச்சூடன் என்றும் ஒன்று இருக்கிறது. ஆக, கற்பூரம் ஒன்றல்ல, இரண்டு மூன்று நாடுகளிலிருந்து வரும் வெவ்வேறு சரக்கு என்பது உரையாசிரியர் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. பாருஸ் சரக்குக்கு எடைக்கு எடை தங்கம் கொடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ எழுதியிருப்பது வணிகர் வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். ஆனாலும் அதன் விலை சீனச் சரக்கைவிடப் பல மடங்கு என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சுமத்ராவின் வரலாற்றை எழுதிய மார்ஸ்டனும் பதிவு செய்திருக்கிறார்.

வேதியியல் வந்துதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சொன்னது. கபூர் மரத்தின் படிகம் போர்னியோல். சீனா, ஜப்பான், தைவானில் வளரும் கற்பூர மரம் வேறு குடும்பம், இலவங்கப்பட்டைக்கு உறவு. அதன் கட்டையைச் சீவி நீராவியில் வடித்தால் வருவதே நாம் ஏற்றும் சூடன். இரண்டிலும் பத்துப் பத்துக் கார்பன் அணுக்கள், ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடு. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு கூடக் குறைய. இரண்டுமே டெர்பீன் என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. பைன் மரத்தின் மணத்தைத் தரும் பைனீன், ஆரஞ்சுத் தோலின் லிமோனீன், மல்லிகையிலும் கொத்தமல்லி விதையிலும் இருக்கும் லினலூல், மிளகின் காரமணத்தில் பங்குள்ள கேரியோஃபிலீன், புதினாவின் மென்தால் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். செடிகள் இவற்றைக் கட்டுவது ஐசோபிரீன் என்ற ஐந்து கார்பன் அலகைக் கோத்துக் கோத்து. ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ வாலக் இந்த ஒழுங்கைக் கண்டறிந்து 1910இல் நோபல் பரிசு பெற்றார்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழருக்கு இந்த ஐசோபிரீன் அயலான பொருள் அல்ல. 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர் ரப்பரைச் சூடாக்கி வடித்தபோதுதான் அது முதன்முதலில் பிரிந்து வந்தது. ரப்பர் என்பதே ஆயிரக்கணக்கான ஐசோபிரீன் அலகுகள் ஒரே சரமாகக் கோத்த பொருள். காப்பார், கேரித் தீவு, ஜுக்ரா என்று கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு வரிசையில் நின்று, பால்மரம் வெட்டி, வாளி வாளியாகச் சுமந்தவர்கள் சுமந்தது அந்தச் சரத்தைத்தான். அவர்கள் இறங்கிய துறைமுகம் போர்ட் சுவெட்டன்ஹாம்; 1901இல் திறக்கப்பட்டது, இப்போது அதன் பெயர் கிள்ளான் துறைமுகம். அதற்கும் முன்பு, 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை புக்கிட் கூடாவரை ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. தண்டவாளம் போட்டவர்களிலும் ரயில்வே கிராணிகளிலும் தமிழர் நிறைய. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் அலுவலக வேலைகளில் அமர்ந்தார்கள். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளால் நிறைந்தது. அங்கே ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள் அந்த யாழ்ப்பாணத்தார்.

கோயில் வந்தால் கற்பூரமும் வர வேண்டும். தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குத் தைப்பூசம் செல்லும் வழக்கம் 1892இல் தொடங்கியது. அன்று முதல் அந்தச் சுண்ணாம்புக் குகையின் வாசலில் ஆண்டுதோறும் எரிந்த சூடன் எங்கிருந்து வந்தது? சில மைல் தூரத்தில் கஞ்சிங் காட்டில் நின்ற கபூர் மரத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை. அது தோட்டத் தொழிலாளர் கூலிக்கு எட்டாத விலை. உலகச் சந்தையில் அன்று புழங்கியது பெரும்பாலும் தைவான் சரக்கு. 1895இல் தைவானைப் பிடித்த ஜப்பான், 1899இல் கற்பூரத்தை அரசின் தனியுரிமை ஆக்கியது. பக்தியை நம்பி ஜப்பான் அதைச் செய்யவில்லை. 1870களிலிருந்து அமெரிக்காவில் செல்லுலாய்டு என்ற புதுப்பொருள் பெருகியது. சீப்பு, பொம்மை, சட்டைக் காலர், பிறகு சினிமாச் சுருள் எல்லாவற்றுக்கும் கற்பூரம் தேவைப்பட்டது. புகையற்ற வெடிமருந்து தயாரிப்பிலும் அதற்கு இடம் இருந்தது. பத்துமலையில் கட்டி ஏற்றியவரும் நியூயார்க்கில் படச்சுருள் செய்தவரும் ஒரே தீவின் மரங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விலை ஏறியதும் ஐரோப்பியர் வேறு வழி தேடினார்கள். பின்லாந்தின் குஸ்தாவ் கொம்ப்பா 1903இல் கற்பூரத்தை ஆய்வகத்தில் முழுமையாகச் செயற்கையாக உருவாக்கினார். சில ஆண்டுகளில் அதற்கு ஒரு தொழிற்சாலையும் எழுந்தது. உண்மையில் சந்தையை மாற்றியது அதைவிட எளிய வழி. பைன் மரத்தைக் கீறினால் வடியும் பிசினிலிருந்து டர்பன்டைன் எடுப்பார்கள். அதில் பெரும்பங்கு பைனீன். அந்த மூலக்கூறின் எலும்புக்கூட்டைச் சற்றே திருப்பி, ஆக்சிஜன் ஏற்றினால் கற்பூரம். ஜெர்மனியிலும் பிறகு அமெரிக்காவிலும் இதுவே வழியாயிற்று. இந்தியாவில் 1960களில் பரேலியில் தொடங்கிய இத்தொழில் பின்னாளில் காஞ்சிபுரத்துக்கும் வந்தது. காஞ்சி கற்பூரம் என்ற பெயரிலேயே ஒரு நிறுவனம் இருக்கிறது. இன்று தீபாராதனைத் தட்டில் எரியும் கட்டி அநேகமாக ஒரு பைன் மரத்தின் பிசின். சீன மருந்துக் கடைகளில் பிங் பியான் என்று விற்கும் போர்னியோலும் இதே டர்பன்டைன் வழியில் பெருமளவில் தயாராகிறது. பாருஸ் சரக்குக்குப் பொன் அளந்த வணிகர் பார்த்தால் சங்கடப்படுவார். சூடனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பாட்டிக்கு ஒன்றும் ஆகாது.

எரிப்பதற்கு மட்டுமல்ல, நெற்றியில் தேய்ப்பதற்கும் மூக்கில் இழுப்பதற்கும் இந்த மணங்கள் மலாக்கா நீரிணைப் பகுதியில் பெரும் வணிகமாயின. சிங்கப்பூரில் 1928இல் லியுங் யுன் சீ என்பவர், ஜெர்மன் மருத்துவர் ஒருவரிடம் பெற்ற செய்முறையைக் கொண்டு கோடாலி முத்திரை போட்ட தைலத்தை விற்கத் தொடங்கினார். மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் சேர்ந்த அந்தப் பச்சை நீர் மலாயாத் தோட்டங்களில் தலைவலிக்கு, தடுமனுக்கு, வயிற்று உப்புசத்துக்கு, பேருந்துக் குமட்டலுக்கு என எல்லாவற்றுக்கும் ஆயிற்று. கப்பலேறி ஊருக்குப் போனவர்கள் பெட்டியில் கோடாலித் தைலம் இல்லாமல் போனதில்லை. புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் மலாயா என்றால் இந்த வாசனை என்றே ஒரு தலைமுறைக்குப் பதிந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது அமிர்தாஞ்சனம். 1893இல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் தொடங்கி, பின்னர் சென்னைக்கு மாறிய மஞ்சள் களிம்பு.

தைலம் தேய்த்தால் தலைவலி போகிறதா, போனதாகத் தோன்றுகிறதா? இந்தக் கேள்விக்கு 2002க்குப் பிறகு ஓரளவு விடை உண்டு. குளிரை உணரும் நரம்பு முனையில் ஒரு புரத வாயில் இருக்கிறது. மென்தால் அதைத் திறந்துவிடுகிறது. தோல் குளிராமலேயே மூளைக்குக் குளிர் என்று சேதி போகிறது. கற்பூரம் தட்டுவது சூட்டை உணரும் வாயில்களை. இந்த வாயில்களைக் கண்டறிந்ததில் பங்குள்ள டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டப்பூட்டியன் இருவரும் 2021இல் நோபல் பரிசு பெற்றனர். மூளையையே உலுக்கும் வலுவும் கற்பூரத்துக்கு உண்டு. 1934 ஜனவரியில் புடாபெஸ்டில் லாதிஸ்லாஸ் மெடுனா என்ற மருத்துவர், மனச்சிதைவு நோயாளிக்கு எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை ஊசியாகச் செலுத்தி வலிப்பை வரவழைத்தார். பின்னாளைய மின்னதிர்ச்சி சிகிச்சைக்கு அதுவே முன்னோடி. சூடன் கட்டியை மிட்டாய் என்று வாயில் போட்ட குழந்தைக்கு வலிப்பு வருவது இதே காரணத்தால். பூசைச் சாமான் டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நல்ல பழக்கம்.

நீரிணைப் பகுதியில் புகைத்து இழுக்கும் இன்னொரு செடியும் தமிழரோடும் வங்காளிகளோடும் சேர்ந்தே பேசப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அபினியைப் போலவே கள்ளையும் பாங்கையும் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பாங்கு என்பது கஞ்சா இலை. குத்தகைப் பணம் அரசின் வருமானம். 1925 ஜெனீவா மாநாடு இந்தியக் கஞ்சாவையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. மலாயாவின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952இல் வந்தது. கடத்தலுக்கான 39பி பிரிவு 1975இல் சேர்ந்தது. 1983இல் தூக்குத் தண்டனை கட்டாயமானது. 200 கிராம் கஞ்சா வைத்திருந்தாலே கடத்தல்காரர் என்று அனுமானிக்கலாம். 2023 ஜூலை 4 முதல்தான் அந்தக் கட்டாயம் முழுமையாக விலகியது. தண்டனையை முடிவு செய்வது நீதிபதியின் கையில் வந்தது. தண்டனை மட்டும் லேசானதாகவில்லை.

கஞ்சாவின் மணமும் டெர்பீன்தான். போதையைத் தரும் டிஎச்சிக்கு மணம் கிடையாது; செடியின் பிசுபிசுப்பான சுரப்பி மயிர்களில் அதனோடு சேர்ந்தே ஊறும் மிர்சீன், பைனீன், லிமோனீன், லினலூல், கேரியோஃபிலீன் போன்றவை மணத்தைத் தருகின்றன. கஞ்சா சட்டபூர்வமான அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவிலும் விற்கும், ஆவியாக்கி இழுக்கும் வேப் குப்பிகளில், பிரித்தெடுத்த டிஎச்சி எண்ணெயோடு இவற்றை அளந்து கலக்கிறார்கள். எலுமிச்சை வாசனை உற்சாகம், மிர்சீன் தூக்கம், பைன் வாசனை தெளிவு என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். கோடாலித் தைலத்தின் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற வாக்குறுதியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொனி பழக்கப்பட்டதுதான்.

ஆய்வு என்ன சொல்கிறது? சுவை விஷயத்தில் ஐயமே இல்லை. பைனீன் சுமார் 156 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், லிமோனீன் 176இல், லினலூல் 198இல். கருவியின் சூட்டை மாற்றினால் வாயில் முந்தி வருவதும் மாறும். விளைவு என்று வரும்போதுதான் தரை வழுக்குகிறது. இஸ்ரேலில் மெக்கூலம் குழு 1998இல், ஒரு சேர்மத்தின் வேலையை உடனிருக்கும் சேர்மங்கள் கூட்டும் என்ற துணைக்கூட்டு விளைவுக் கருத்தை முன்வைத்தது. அது டெர்பீன்களைப் பற்றியதே அல்ல, உடலே சுரக்கும் சேர்மங்களைப் பற்றியது. பின்வந்தவர்கள் அதைக் கஞ்சா மணத்துக்கு நீட்டினார்கள். மிளகிலும் கறிவேப்பிலையிலும் உள்ள கேரியோஃபிலீன், கஞ்சா ஏற்பிகளில் ஒன்றைத் தொடுகிறது என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது போதை தரும் ஏற்பி அல்ல. தந்திருந்தால் மிளகு ரசத்துக்கும் சட்டம் போட வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில் வழக்கமான டெர்பீன்கள் எதுவும் போதை ஏற்பியில் டிஎச்சியின் வேலையை மாற்றவில்லை. மாறாக, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் இருபது பேருக்கு ஆவியாக்கிய லிமோனீனை டிஎச்சியோடு கொடுத்தபோது டிஎச்சியால் வரும் பதற்றம் குறைந்தது. இருபது பேரைக் கொண்டு பெட்டியில் அச்சிட முடியாது. இன்னொரு பக்கம், போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல், மிக அதிகச் சூட்டில் டெர்பீன்கள் உடைந்து பென்சீன் போன்ற நச்சுகளாக மாறுவதைக் காட்டினார்கள். அது பெட்டியில் வருவதில்லை.

அந்தக் குப்பிகளில் கலக்கும் டெர்பீன் பெரும்பாலும் கஞ்சாச் செடியிலிருந்து வருவதும் இல்லை. ஆரஞ்சுத் தோல், பைன் பிசின் போன்ற மலிவான மூலங்களிலிருந்து எடுத்ததே விலைக்குக் கட்டுபடியாகிறது. காஞ்சிபுரத்தில் சூடனாகும் பைனீனும் கலிபோர்னியாவில் வேப் குப்பிக்குப் போகும் பைனீனும் ஒரே சரக்கு. இரண்டுக்கும் வேண்டிய டர்பன்டைனை விற்கும் நாடுகளில் இந்தோனேசியாவும் ஒன்று. பாருஸ் இருக்கும் சுமத்ராவில் ஆச்சே மலைகளின் பைன் மரங்களிலும் பிசின் கீறுகிறார்கள்.

மலேசியாவில் வேப் கதை வேறு தடத்தில் ஓடுகிறது. நிக்கோட்டின் திரவம் 2023 மார்ச் 31இல் நச்சுப் பட்டியலிலிருந்து நீங்கியது. புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் மாம்பழம், திராட்சை, ஐஸ் மென்தால் என்று வண்ணக் குப்பிகள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைக்குக் கடை நிறைந்தன. சிலவற்றில் செயற்கைப் போதை கலந்திருப்பதாகக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. அவை கஞ்சாவிலிருந்து வந்தவை அல்ல, ஆய்வகத்தில் செய்தவை, கஞ்சாவைவிட ஆபத்தானவை. பிடிபட்ட பொருள் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள வேதியியல் துறைக்குப் போகிறது. கஞ்சா என்றால் சட்டத்தின் வரையறை அந்த இனச் செடியின் எந்தப் பகுதியிலும் பிசின் இருப்பதையே கேட்கிறது, அளவு எவ்வளவானாலும். லிமோனீன், பைனீன் பற்றி அந்த வரையறையில் ஒரு சொல்லும் இல்லை.